பன்னிரண்டு மூட்டை மண்

நேற்று குமுளியில் ஒரு ஜீப் டிரைவர் என்னைப் பார்த்து, “அக்கா, பயமா இருந்தா முன்னாடி உக்காந்துக்கங்க. பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடும்” என்றான். மீசை இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிற வயது. நல்லெண்ணத்தில்தான் சொன்னான், எனக்கும் தெரியும். ஆனாலும் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னிடம் போய் ஜீப்பைப் பற்றிச் சொல்கிறானே!

கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் ஒரு சின்ன மசாலாக் கடை வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் ஏலக்காய் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம். இந்த முறை பிள்ளைகள் ஜீப் சவாரி என்று பிடிவாதம் பிடித்தார்கள். சரி, போய்த் தொலைவோம் என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஜீப்பின் பின்படியில் கால் வைத்ததும் வந்தது பாருங்கள் அந்த நாற்றம். டீசலும், மழையில் நனைந்து காயாத படுதாவும் சேர்ந்த நாற்றம். முதலில் என் வயிறு புரண்டது. அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு ஞாபகம் மூளையில் இருக்குமாம், எனக்கு என்னவோ வயிற்றில்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. டிகிரி முடித்துவிட்டு, எந்த வேலையும் கிடைக்காமல், கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று வருஷமும் நான் வாந்தி எடுக்காத நாளே கிடையாது. விடிவதற்குள் ஜீப் வந்துவிடும். பதினான்கு பெண்கள். வளைந்து வளைந்து கம்பம்மெட்டு ஏறி, செக்போஸ்ட் தாண்டி, தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் என் கையிலிருக்கும் எலுமிச்சம்பழம் நசுங்கிச் சக்கையாகியிருக்கும். பின்கதவை ஒட்டிய மூலையை எனக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரியாதையினால் அல்ல, அவரவர் சேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு ஜீப்பில் பதினான்கு பேரை அடைப்பது அக்கிரமம். அன்றும் அக்கிரமம்தான். ஒரு வருஷம் பனிமூட்டத்தில் ஒரு வளைவில் எங்களோடு வந்த ஒருத்தி பின்பக்கமிருந்து கீழே விழுந்தாள். இருட்டும் பனியும், எல்லாரும் முக்காடு போட்டுத் தூங்கி வழிந்தபடி. தோட்டத்தில் இறங்கி ஆள் எண்ணிய பிறகுதான் தெரிந்தது. உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் இடுப்பு போய்விட்டது, அதோடு வேலையும் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் டிரைவர் முருகன் அண்ணன் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார். “இருக்கேன்” என்று குரல் வந்தால்தான் அடுத்த பெயர். பாதி வழியில், செக்போஸ்ட்டில் நின்று மறுபடியும் ஒரு தரம். பள்ளிக்கூடமா நடத்துகிறீர்கள் என்று மற்ற ஜீப்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

முருகன் அண்ணனின் தங்கை மாரீஸ்வரி. எங்களோடு ஏலக்காய் எடுத்தவள், என் வயதுக்காரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஜீப்புக்குள்ளேயே கட்டையைச் சாய்க்க, அவள் மட்டும் அண்ணனிடம் சாவி வாங்கி எங்களையும் சுமந்துகொண்டு தோட்டத்துச் சகதிப் பாதையில் ஓட்டிப் பழகினாள். சாயங்காலம் எங்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கேட் வரைக்கும் அவள்தான் ஓட்டுவாள். முறையாக லைசென்ஸும் எடுத்தாள். அப்புறம் முருகன் அண்ணன் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். அவர் இடத்துக்கு மாரி கேட்டாள். மலையாளியான ஜீப் முதலாளி தொம்மிச்சன் சிரித்துவிட்டு, சுருளி என்று ஒருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

சுருளி காலையிலேயே போட்டுக்கொண்டுதான் வருவான். பெயர் கூப்பிடுவதெல்லாம் நின்று போனது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஜீப்பின் முன்சக்கரம் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. இரண்டாவது தடவை, எங்களில் மூத்தவளும் வாய்க்காரியுமான பேச்சியம்மா சித்தி, மாரியையும் இழுத்துக்கொண்டு முதலாளி வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிட்டாள். “மொதலாளி, ஒண்ணு அவன மாத்துங்க, இல்லாட்டி எங்கள மொத்தமா தள்ளிவிட்ருங்க. தெனம் தெனம் சாக முடியாது.”

முதலாளிக்கு அப்போது வேறொரு நினைப்பு. ஏலப்பாறைக்கு மேலே, கைவிட்ட தேயிலைத் தோட்டத்துச் சரிவில், சனி ஞாயிறு ஜீப் ரேஸ். பெரிய சக்கரமும் கலர் பெயின்ட்டுமாக எங்கிருந்தெல்லாமோ வண்டிகள் வரும். எங்களுடையதுபோல ஆள் ஏற்றும் உள்ளூர் ட்ரிப் ஜீப்புகளுக்குத் தனியாக ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அதில் தன் வண்டியையும் சேர்த்திருந்தார். சித்தியின் வாயை அடைக்க நினைத்தாரோ, வேடிக்கை பார்க்க நினைத்தாரோ, மாரியைப் பார்த்துத் தன் பாதி மலையாளத்தில் சொன்னார்: “எடீ மாரி, அவிடத்தில கடைசி மேடு ஒண்ணு உண்டு. அத நீ கேறிக் காட்டு. திங்கக்கிழமை மொதல் சாவி நினக்கு.”

அவர் மறந்துபோகலாம், நாங்கள் மறப்போமா? அந்தச் சனிக்கிழமை பதினான்கு பேரும் வேலைக்கு மட்டம் போட்டோம். பாய், அரிசி, கருவாடு, ஒரு பெரிய சட்டி. ஆண்கள் ரேஸ் பார்க்கப் போகும்போது என்னவெல்லாம் கொண்டுபோவார்களோ தெரியாது. நாங்கள் இடித்த மிளகாய்ப்பொடி கொண்டுபோனோம்.

போகும்போது ஓட்டியவன் சுருளிதான். முதலாளி உத்தரவு. கட்டப்பனை தாண்டி ஒரு வளைவில் கண்ணசந்துவிட்டான். மாரி எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஏலப்பாறையில் இறங்கியதும் அவன் ஒரு மரத்தடியில் போய்ப் படுத்தான், இரண்டு நாளும் அங்கேயே கிடந்தான்.

லாட்ஜில் அறை கேட்டோம். கண்ணாடி போட்ட ஒரு ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்தான். “கூட ஆம்பளைங்க யாரும் வரலியா?” 

“வந்திருக்கான். மரத்தடியில கெடக்கான். தூக்கிட்டு வந்து காட்டவா?” என்றாள் சித்தி.

அறை கிடைக்கவில்லை. போடா என்று திரும்பி, ரேஸ் நடக்கும் சரிவுக்குப் பக்கத்திலேயே இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே கூடாரம் போட்டோம். கூடாரத் துணி எது தெரியுமா? ரேஸுக்காக வண்டியிலிருந்து கழற்றிய அதே படுதா. மூன்று வருஷத்து வியர்வை, டீசல், ஏலக்காய், என் வாந்தி, எல்லாம் ஊறிய படுதா. சுற்றிலும் கொச்சிப் பக்கத்து ஜீப் கிளப்காரர்கள் ஜிப் வைத்த வட்டக் கூடாரங்களில் இருந்தார்கள். எங்கள் கருவாட்டுக் குழம்பு கொதித்ததும் அந்த ஜிப்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அன்று மத்தியானம் பயிற்சி ஓட்டம். ஒரு வண்டிக்கு இரண்டு பேர், ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் வழி சொல்கிறவர் ஒருவர். “நீ வாடி” என்று மாரி என்னைக் கூப்பிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “இவளுக்குத்தான் ஒவ்வொரு வளைவும் வயித்துக்குள்ள தெரியும். கண்ண மூடிக்கிட்டே எத்தனையாவது வளைவுன்னு சொல்லுவா, பாத்திருக்கேன்” என்றாள். உண்மைதான். வாந்தி வருகிறவளுக்குப் பாதை மனப்பாடம். இருவரும் அந்தச் சரிவை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை நடந்து பார்த்தோம். ஒன்பது திருப்பம், ஒரு ஓடை, அப்புறம் கடைசி மேடு. மேடா அது, சுவரைச் சாய்த்து வைத்தமாதிரி செம்மண்.

பயிற்சியில் ஓடை வரைக்கும் அருமையாகப் போனோம். மேட்டில் பாதி ஏறியதும் பின்சக்கரம் இரண்டும் குதிக்க ஆரம்பித்தன. மண்ணை வாரி இறைத்துவிட்டு வண்டி பின்னோக்கி வழுக்கியது. மறுபடியும் போனோம். மறுபடியும் வழுக்கல். மூன்றாவது தடவை பாட்டுப் போட்டுக் கிண்டலடித்தார்கள். ஒருவன், “சேச்சி, கிச்சன் அந்தப் பக்கம்!” என்று கத்தினான். கெட்ட வார்த்தை என்றால் எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் நாலைந்துதான். அத்தனையையும் சொன்னேன்.

கூடாரத்துக்குத் திரும்பி மாரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “வண்டி என் சொல்லக் கேக்க மாட்டேங்குது. மெதக்குது. தோட்டத்துல இதவிட மோசமான மேடெல்லாம் ஏத்தியிருக்கேனே, எப்படி?” என்றாள். கம்பத்துத் தையல்காரர் மகள் மும்தாஜ், வெங்காயம் உரித்துக்கொண்டே, “அங்க நாங்கள்ல பின்னாடி இருப்போம்” என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். மாரி ஆள் இல்லாத ஜீப்பை வாழ்க்கையில் ஓட்டியதே இல்லையே! அவள் கைக்கும் காலுக்கும் தெரிந்ததெல்லாம் பின்னால் நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து அழுத்துகிற வண்டி. மற்ற வண்டிக்காரர்கள் எடையைக் குறைக்க ஸ்டெப்னியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். அடுத்தவனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

போட்டி விதிமுறை என்று இங்கிலீஷில் இரண்டு தாள் கொடுத்திருந்தார்கள். என் டிகிரி முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது. வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். வண்டியில் இரண்டு பேர்தான் இருக்கலாம், ஹெல்மெட் வேண்டும், பெல்ட் வேண்டும். எடை எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. எவன்தான் வேண்டுமென்று எடையைக் கூட்டுவான் என்று விட்டிருப்பார்கள்.

வண்டியில் போகும் எங்கள் இருவரைத் தவிர மற்ற பன்னிரண்டு பேருக்கும் பதிலாக ஆளுக்கொரு மண்மூட்டை ஏற்றுவது என்று முடிவு செய்தோம். சாக்கு எங்களிடம் இருந்தது, அது இல்லாமல் நாங்கள் எங்கேயும் போகமாட்டோம். மண்வெட்டிதான் இல்லை. அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துக் கூடாரத்துத் தாடிக்காரர் ஒருவர் அலறிக்கொண்டு வந்தார். காலில் ஏழெட்டு அட்டை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறார், பாவம். மும்தாஜ் இடுப்பில் முடிந்திருந்த உப்பை எடுத்து ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டாள். “என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்றார் மனிதர். ஒரு மண்வெட்டியும் இரண்டு ஹெல்மெட்டும் கேட்டோம்.

பொழுது இறங்குவதற்குள் மண்ணை நிரப்பினோம். அவரவர் எடைக்குத் தக்க மூட்டையை அவரவரே. நான் கனம், நீ லேசு என்று அதில் ஒரு சண்டை வேறு. சித்தி தன் சாக்கில் மண்ணைக் குத்திக் குத்தி அடைத்தாள். “ஏன் சித்தி இம்புட்டு?” என்றால், “நான் இருக்கறத விட ரெண்டு கிலோ கொறஞ்சா மேடு என்னய மதிக்குமாடி?” என்றாள். பிறகு மூட்டைகளை வண்டியில் ஏற்றி, யார் தினமும் எங்கே உட்காருவாளோ அவள் மூட்டையை அங்கேயே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். பின்கதவு மூலை மட்டும் காலி. அது என் இடம்.

மறுநாள் காலை, தொப்பி போட்ட ஒரு அதிகாரி எங்கள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இது என்ன, ரேஸா, மண்ணுக் கடத்தலா?” நான் தாளை நீட்டினேன். எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். இன்னும் இரண்டு தொப்பிகள் வந்தன. மூன்று தொப்பியும் சேர்ந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் தொம்மிச்சன் முதலாளியும் காரில் வந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எங்கள் முறை வந்தது. மாரி இன்ஜினை முடுக்கினாள். கொடி விழப்போகிறது. இவள் கியரைத் தொடாமல், தலையைப் பின்னால் திருப்பி, மூட்டைகளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“பேச்சியம்மா சித்தி!”

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தொண்டை கிழிந்தது: “இருக்கேன்டி!”

“மும்தாஜ்!” 

“இருக்கேன்!”

பன்னிரண்டு பெயரையும் சொன்னாள். பன்னிரண்டு குரலும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்தாவது ஆறாவது பெயரிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கொடிக்காரன் கொடியைத் தூக்கியபடியே நின்றான். கடைசியாக என் பெயர். பக்கத்தில்தான் இருக்கிறேன், தெரியாதா? இருந்தாலும் கூப்பிட்டாள். “இருக்கேன்” என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிவிட்டது. அழுவதா வாந்தி எடுப்பதா என்று புரியாத நிலைமையில்தான் நான் மோட்டார் பந்தயத்தில் இறங்கினேன் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது திருப்பத்தில் எடுத்துவிட்டேன். தாடிக்காரர் ஹெல்மெட்டுக்கு முன்கண்ணாடி இல்லாதது கடவுள் செயல். ஓடையில் இறங்கும்போது சகதி எழும்பி வண்டிக் கண்ணாடி முழுவதையும் மூடிவிட்டது. வைப்பர் எங்கள் வண்டியில் பேருக்குத்தான். “தெரியலடி, ஒண்ணும் தெரியல!” என்று கத்தினாள் மாரி. எனக்கும்தான் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வயிறு சொன்னதை வாய் சொன்னது. இடது, இன்னும் இடது, நேரா, நேரா, இப்ப மேடு, மிதி! வண்டி மூக்கை நிமிர்த்தியது. பின்னால் பன்னிரண்டு பேரும் அழுத்தி உட்கார்ந்தார்கள். நேற்று குதித்த சக்கரம் இன்று மண்ணைக் கவ்விக்கொண்டு, உறுமிக்கொண்டு, தன் பாட்டுக்கு ஏறியது. கண்ணைத் திறந்தபோது முன்னால் வானம் மட்டும்தான் இருந்தது.

பரிசெல்லாம் இல்லை. எங்களை விட வேகமாகப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மேடு ஏறினோம், அதுதான் பேச்சு.

முதலாளி நடந்து வந்தார். மாரி வண்டியை விட்டு இறங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கையை நீட்டினார். கை குலுக்கத்தான் என்று நினைத்தேன். சாவிக்கு.

“நல்லா ஓட்டி, சம்மதிச்சு. பட்சே ரேஸ் வேற, தொழில் வேற. பொண்ணு ஓட்டுற வண்டியில ஆளு கேறுமோ? சாவி தா. சுருளி ஓட்டட்டே.”

சுருளி அங்கே மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில்தான் நாங்கள் பதினான்கு பேரும் மலையிறங்க வேண்டும். மாரியின் முகம் வெளுத்துவிட்டது.

முதலில் நகர்ந்தவள் சித்தி. பின்பக்கம் போனாள், கயிற்றை அறுத்தாள், தன் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி முதலாளி காலடியில் தொப்பென்று போட்டாள். செம்மண் அவருடைய வெள்ளை வேட்டி முழுக்கத் தெறித்தது. மூட்டை இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அடுத்து மும்தாஜ். அடுத்து அடுத்து என்று பன்னிரண்டு மூட்டையும் இறங்க, பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். நான் முன்சீட்டை விட்டிறங்கிப் பின்கதவு மூலைக்குப் போனேன்.

“எல்லாரும் எறங்குங்க!” என்றார் முதலாளி.

“கேறுமோன்னு கேட்டீகள்ல? கேறிட்டோம், பாத்துக்கங்க” என்றாள் சித்தி. “அவ எடுத்தாத்தான் வண்டி. இல்லாட்டி வண்டியும் நாங்களும் இங்கனயே கெடக்கோம். நாளைக்கு ஏலக்காய எவன் எடுப்பான்னு தோட்டத்துல போய்ச் சொல்லிக்கங்க.”

தாடிக்காரர் கைதட்டினார். நேற்று கிச்சனைக் காட்டியவன்கூடத் தட்டினான், வெட்கங்கெட்டவன். முதலாளி நீட்டிய கையைச் சட்டென்று மடக்கி வேட்டியைத் தட்டினார். போய்க் காரில் ஏறிக்கொண்டார். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. சுருளியைக் கூரைமேல் சுருட்டிய படுதாவோடு சேர்த்துக் கட்டலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாவம் பார்த்து பஸ்ஸுக்கு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு மாரி அந்த வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டினாள். ஒருத்தியும் விழவில்லை. இப்போது கட்டப்பனைப் பக்கம் ஸ்கூல் வண்டி ஓட்டுகிறாள், பிள்ளைகள் அவளைக் கண்டால் நடுங்குகிறார்களாம். சித்திக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, வாய் தேயவில்லை. எங்கள் ஜீப் பழைய இரும்புக்குப் போனது. அந்தச் சரிவில் இப்போது ஊஞ்சலும் கண்ணாடிக் கூடாரங்களும் வந்துவிட்டன. நாங்கள் ஏறிய மேட்டில் பச்சைக் கார்ப்பெட்மாதிரி புல் வளர்த்து, நடப்பதற்குக் கைப்பிடி வைத்த படி கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அறை கொடுக்காத ஊரில் இன்று பெண்கள் மட்டும் தங்குவதற்குத் தனிச் சலுகையாம், கடைக்கு வந்த ஒரு நோட்டீஸில் பார்த்தேன். போகட்டும், எதற்காகவும் நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

நேற்று ஜீப்பில் நான் முன்னால் உட்காரவில்லை. நேராகப் பின்கதவு மூலைக்குப் போய் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்தேன். நாத்தனார், அவள் கணவர், பிள்ளைகள், முன்பின் தெரியாத வடநாட்டு ஜோடி ஒன்று, எல்லாரும் ஏறினார்கள். அந்த டிரைவர் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். 

எதுவும் கேட்கவில்லை. யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நாற்றம் இருக்கிறது, ஜீப் இருக்கிறது, அந்தக் குரல் மட்டும் இல்லை.

“தம்பி, நிறுத்து” என்றேன்.

“என்னக்கா, பயமா இருக்கா?”

“பேரக் கேளு.”

“என்னது?”

“ஒவ்வொருத்தர் பேரா கேளு. பதில் வந்தாத்தான் வண்டி நகரணும். நகந்துச்சு, சாவியப் பிடுங்கிட்டு நானே ஓட்டுவேன்.” எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாதே. நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் முணுமுணுத்தபடி இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி, ஒவ்வொருவராகக் கேட்டான். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, தேவைக்கு மேல் கத்தினார்கள். அந்த ஜோடிக்கு ஜாடை காட்டிப் புரியவைத்ததும், அவர்களும் சொன்னார்கள்.

கடைசியாக என்னிடம் வந்தான். “அக்கா, உங்க பேரு?”

சொன்னேன். அவன் அதைத் திருப்பி ஒரு தரம் சத்தமாகக் கூப்பிட்டான்.

“இருக்கேன்” என்றேன்.